வீரய்யாவுக்கு நெறி கட்டியது

"காலை ஏன் அகட்டி அகட்டி வைக்கிறீங்க?" என்று கேட்டாள் செவந்தி.

வீரய்யா காதில் விழாதது போல நடந்தான். சம்மட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு குவாரிப் பள்ளத்தில் இறங்கப் போனவன், நாலாவது எட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டான். ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த செவந்தி சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு வந்து, புருஷன் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். வெயிலில் கிடந்த கல்லைவிடச் சூடாக இருந்தது.

"நெறி கட்டியிருக்கா?"

"இல்ல."

"இல்லேன்னா குதிங்க பாப்போம்."

அவன் குதிக்கவில்லை. வலது கவட்டில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. மூன்று நாளாக இருந்தது.

நெறி கட்டினால் அதற்குக் கீழே காலில் எங்கேயோ புண் இருக்கிறது என்று அர்த்தம். கல்லுடைக்கிற சனங்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. புண்ணைக் கண்டுபிடித்துச் சீழை எடுத்தால் நெறி தானாகக் கரையும். எடுக்காவிட்டால் விஷம் ஏறும். போன வருஷம் ரத்தினவேலுக்கு ஏறி, முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். அவன் இப்போது திருமயத்தில் பஸ் நிற்கிற இடத்தில் ஒற்றைக் காலோடு வெற்றிலை விற்கிறான்.

"புண்ணு எங்க?" என்றாள் செவந்தி.

"தெரியல."

தெரியாமல் என்ன. வலது தொடையின் உள்பக்கம், காக்கி டவுசர் விளிம்புக்கு மேலே, நாலு விரல் அகலத்துக்கு இருந்தது. பச்சை குத்திய எழுத்து. மொத்தம் நாலு எழுத்து: செவந்தி. அதில் மூன்று எழுத்து சீழ் வைத்துவிட்டது.

இது நடந்தது பங்குனித் தேரன்று. வளையல் வாங்கிவருகிறேன் என்று செவந்தி ஒரு பக்கம் போனாள். வீரய்யா பொட்டல் ஓரம் பச்சை குத்துகிறவளிடம் போய் உட்கார்ந்தான். தேர் பார்க்க வந்தவன் திடீரென்று செய்த காரியம் இல்லை. தை மாதத்திலிருந்து மனசில் கிடந்தது. தை மாதத்தில் பக்கத்துக் குவாரியில் வெடி பொய்த்து, என்னவென்று பார்க்கப் போன இரண்டு பேர் சிதறிப் போனார்கள். எந்தக் கால் எந்த வீட்டுக்கு என்று பிரிக்க முடியவில்லை. இரண்டு பேரின் பெண்டாட்டிகளும் ஒரே குழிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதார்கள். சாக்குப் பிடிக்கப் போயிருந்த வீரய்யா இரண்டு விஷயங்களைப் பார்த்தான். தலையும் கையும் முதலில் போய்விடுகிறது. தொடை மிஞ்சுகிறது.

தபாலில் போடுகிற பொட்டலத்தின் மேலேகூட யாருக்குச் சேர வேண்டும் என்று எழுதித்தான் அனுப்புகிறார்கள். அவனும் எழுதிக்கொண்டான்.

ஆனால் அதை வெளியே சொல்ல முடியாது. சனிக்கிழமை தோறும் பெண்டாட்டிக்குப் பூ வாங்கிக்கொண்டு போகிற நாகராசுவுக்குப் 'பூக்காரி' என்று பேர் வைத்ததே வீரய்யாதான். குவாரியில் நாற்பது ஆளும் இன்றுவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். செவந்தியிடமும் சொல்ல முடியாது. கட்டிக்கொண்டு பதினைந்து வருஷத்தில் அவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னவன் இல்லை. குழம்பு நன்றாக இருந்தால் பேசாமல் சாப்பிடுவான். அதுதான் பாராட்டு. பிள்ளை இல்லை. இன்னொருத்தியைக் கட்டு என்று சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம் எழுந்து போய் உளியைத் தீட்டுவான். அதுதான் பதில். இப்படிப்பட்டவன் தொடையைக் காட்டி இதுதான் புண் என்று எப்படிச் சொல்வான்?

"பாதத்துல எதுவும் ஏறியிருக்கும்" என்றான்.

செவந்திக்கு ஒன்றுவிட்ட தம்பிதான் அந்த நாகராசு. அவனைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் வீரய்யாவை வேப்பமரத்து நிழலில் உட்காரவைத்துக் காலைத் தூக்கிக் கல்லின் மேல் வைத்தார்கள்.

வீரய்யாவின் பாதத்தில் புண் தேடுவது, கரிசலில் வெடிப்பு தேடுகிற மாதிரி. இருபத்தைந்து வருஷம் செருப்பில்லாமல் பாறைமேல் நின்ற கால். வெடிப்புக்குள் தூசி, தூசிக்குள் வெடிப்பு. கருப்பாகத் தெரிந்த புள்ளிகளை எண்ணிய நாகராசு பதினொன்றோடு நிறுத்திக்கொண்டு, ஊக்கைத் தீயில் காட்டித் தோண்ட ஆரம்பித்தான். கால் நாழிகை தோண்டி, ஒரு நெல் அளவு கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.

"இதுதான் மச்சான்."

வீரய்யா அதை வாங்கிப் பார்த்தான். "இது சமஸ்தானம் இருந்தப்ப ஏறுனது. இதுவா இப்ப நெறி கட்டுது?"

அப்போதுதான் செவந்தி பார்த்தாள். "ஏண்டா, நெறி கட்டியிருக்கிறது வலப்பக்கம். நீ தோண்டுனது எந்தக் காலு?"

எதிரே உட்கார்ந்திருந்த நாகராசு தன்னுடைய வலது கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டான். பிறகு அடுத்த காலைத் தூக்கிக் கல்லின் மேல் வைத்தான்.

சாயந்திரம் வீரய்யாவுக்கு இரண்டு பாதத்திலும் குழி இருந்தது. அதில் மஞ்சளும் சூடான வேப்பெண்ணெயும் விட்டுத் துணி சுற்றியிருந்தது. அதுவரை ஒரு காலில் நொண்டியவன் இப்போது இரண்டு காலிலும் நொண்ட வேண்டியதாயிற்று. அடுத்த நாள் பாதம் வீங்கியது. காய்ச்சல் இறங்கவில்லை. நெறி எலுமிச்சங்காயிலிருந்து நாரத்தங்காய் ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள் செவந்தி. ஆஸ்பத்திரி என்றால் டவுசரைக் கழற்றச் சொல்வார்கள். வீரய்யா அவசரமாக யோசித்தான்.

"பல்லா இருக்கும்" என்றான்.

"பல்லுக்கும் கவட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

சொத்தைப் பல்லின் விஷம் ரத்தத்தில் கலந்து எங்கே வேண்டுமானாலும் போகும் என்று கணக்குப்பிள்ளைக்கு டாக்டர் சொன்னதாகச் சொன்னான். கணக்குப்பிள்ளைக்கு அப்படி ஒரு டாக்டர் சொன்னது உண்மைதான். அந்த ஆளுக்கு வாயில் எட்டுப் பல் சொத்தை. வீரய்யாவுக்குச் சொத்தை ஒன்றுகூட இல்லை.

நாகராசு அவனைப் பஸ்ஸில் ஏற்றித் திருமயத்துக்குக் கூட்டிப்போனான். கோட்டைக்குப் போகிற வழியில் சாக்கு விரித்து, பிடுங்கின பல்லையெல்லாம் தட்டில் பரப்பி வைத்துக்கொண்டு ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். எந்தப் பல் என்று கேட்டார். வீரய்யா குத்துமதிப்பாகக் கடைவாயில் ஒன்றைத் தொட்டுக்காட்டினான். அவர் குறட்டால் தட்டிப் பார்த்தார். பக்கத்துப் பல்லையும் தட்டிப் பார்த்தார்.

"தம்பி, இது நல்ல பல்லு. இன்னும் முப்பது வருசம் கரும்பு கடிக்கும்."

"வலிக்குது, புடுங்குங்க."

"தட்டுனா முகம் சுளிக்கலையே."

நாகராசு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வீரய்யா முகத்தைச் சுளித்தான். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, ஒரு முழங்காலை அவன் மார்பில் ஊன்றிக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். நல்ல பல் லேசில் வரவில்லை.

ஊர் திரும்பும்போது வீரய்யாவுக்குக் கன்னம் வீங்கியிருந்தது, இரண்டு பாதமும் வீங்கியிருந்தது. தொடையைப் பற்றி அவனுக்கு மட்டும் தெரியும். காக்கித் துணியும் கல் தூசியும் உரசி உரசி, எழுத்தைச் சுற்றிச் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. ஒதுங்கும்போது டவுசரை இறக்கிப் பார்ப்பான். நேற்றைவிட இன்றைக்கு ஒரு விரல் கூடியிருக்கும். வேப்பிலையை மென்று அப்பிக்கொள்வான். செவந்தி பத்துப் பதினைந்து நாளாகவே சித்தி மகள் வீட்டில்தான் படுத்துக்கொண்டாள், சித்தி மகளுக்குத் துணையாம். அவனுக்கு வசதியாகப் போயிற்று.

அன்று கஞ்சி ஊற்றிக்கொடுத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள். ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லக் கூச்சமான எடத்துல புண்ணு இருந்தாலும் சொல்லிருங்க. நான் பாக்கல. அந்த நர்சம்மா பாத்துக்கிரும். கை நோகாது."

"எந்த நர்சம்மா?"

"ஏதோ ஒரு நர்சம்மா. ஆஸ்பத்திரின்னா நர்சம்மா இல்லாமலா இருக்கும்?"

கூச்சமான இடத்தில் ஒன்றும் இல்லை என்று அவன் கத்தினான். வீங்கின கன்னத்தோடு கத்தியதால் பாதி வார்த்தை உமிழ்நீராக வந்தது. ஆனால் கூச்சமான இடம் என்ற பேச்சு மட்டும் தெளிவாக வெளியே போயிற்று. வாசலில் நின்ற நாகராசு அதைப் பெண்டாட்டி மருதாயியிடம் சொன்னான். மருதாயி குவாரியில் சொன்னாள். காலிலும் புண் இல்லை, பல்லிலும் இல்லை, டவுசரைக் கழற்ற மாட்டேன் என்கிறான் என்றால் அது டவுனில் வாங்கிவந்த கெட்ட சீக்குத்தான் என்று மத்தியானக் கஞ்சிக்குள் நாற்பது ஆளும் முடிவு கட்டிவிட்டார்கள். இரண்டு பேர் அவன் சம்மட்டியைத் தொடுவதற்கே யோசித்தார்கள்.

இப்போது வீரய்யாவுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. தொடையைக் காட்டினால் பெண்டாட்டி பேரைப் பச்சை குத்திக்கொண்டவன். காட்டாவிட்டால் பொம்பளைப் பொறுக்கி. ஒரு பகல் முழுக்கப் படுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தான். பொறுக்கி என்கிற பேர் அவ்வளவு கஷ்டமாகத் தெரியவில்லை.

மருதாயி செவந்தியிடமே போய் விசாரித்திருக்கிறாள். செவந்தி ஜல்லியை உடைத்துக்கொண்டே, எல்லாருக்கும் கேட்கும்படி பதில் சொன்னதாக நாகராசு வந்து சொன்னான்.

"அவரு டவுனுக்குப் போயி ஒருத்திகிட்ட நாலு வார்த்தை பேசியிருந்தா எனக்குச் சந்தோசம்தான். அப்பிடியாச்சும் பேச வருதேன்னு."

குவாரியே சிரித்ததாம். வீரய்யா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

சாயந்திரம் செவந்தி வந்தாள். அன்று இரண்டு ஆள் ஜல்லியை ஒரு ஆளாக உடைத்திருந்தாள். விரலில் துணி சுற்றியிருந்தது, துணியில் ரத்தம் காய்ந்திருந்தது. அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"ரத்தினவேலு மாதிரி ஒங்களுக்குக் காலு போனாலும் நான் ஒடைச்சுப் போட்டுருவேன்" என்றாள். "ஆளே போயிட்டா யாருக்கு ஒடைக்கிறது?"

அவள் அழவில்லை. வெயில் அதிகம், மழை இல்லை என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். வீரய்யா எழுந்து உட்காரப் பார்த்தான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். "அது வந்து... தேரன்னைக்கி..." என்று ஆரம்பித்தான். அதற்குள் குளிர் தூக்கிப் போட்டது. பல்லெல்லாம் தந்தியடித்தது. கண் செருகிவிட்டது.

நாகராசு அப்போது குவாரியின் அடிப்பள்ளத்தில் தமர் போட்டுக்கொண்டிருந்தான். வெடிமருந்து வைக்கிற அந்தத் துளையைப் பாதியில் விட்டு வர முடியாது. செவந்தி யாருக்கும் காத்திருக்கவில்லை. ஜல்லி ஏற்றிக்கொண்டு புறப்பட்ட லாரியை ரோட்டில் மறித்தாள். காரைக்குடிப் பக்கத்திலிருந்து முதல் தடவையாக வந்திருந்த டிரைவர், இவள் யார், அவன் யார் என்று ஒன்றும் தெரியாமலே தூக்கிவிட்டான். தான் உடைத்த ஜல்லியின் மேலேயே சாக்கை விரித்துப் புருஷனைக் கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டு திருமயம் போய்ச் சேர்ந்தாள்.

வீரய்யா கண்ணைத் திறந்தபோது எதிரே வெள்ளைச் சுவர் தெரிந்தது. டாக்டர் நாச்சியப்பன் அவன் பாதத்துத் துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, வாயைத் திறக்கச் சொல்லி அங்கேயும் பார்த்தார்.

"இதெல்லாம் நீங்களா உண்டாக்குன புண்ணு. காய்ச்சல் கொண்டாந்த புண்ணு எங்க?"

வீரய்யா டவுசரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "அவளை வெளியே போகச் சொல்லுங்க" என்றான்.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. செவந்தி ஏற்கனவே வாசலைத் தாண்டியிருந்தாள்.

நர்ஸ் ஆரோக்கியம்மாள் கத்தரிக்கோலால் டவுசரை ஓரமாக வெட்டினாள். வேப்பிலைச் சக்கையை ஈரப்பஞ்சால் துடைத்து எடுத்தாள். துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. குனிந்து பார்த்தாள். பிறகு முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

டாக்டர் எட்டிப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இதுக்காடா ஒரு நல்ல பல்லைப் புடுங்குனே?"

வீரய்யா கண்ணை மூடிக்கொண்டான்.

நல்ல செப்டிக், ரெண்டு நாள் பிந்தியிருந்தால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் விளக்கினார். கீறிச் சீழை வெளியேற்ற வேண்டும், பிறகு தினமும் பென்சிலின் ஊசி போட வேண்டும், ஒரு வாரம் இங்கேயே கிடக்க வேண்டும் என்றார். ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

"எழுத்து அழிஞ்சுருமாங்க?" என்றான் வீரய்யா.

"காலைக் கேளுய்யா. எழுத்தைக் கேக்கிறே."

ஆரோக்கியம்மாள்தான் பதில் சொன்னாள். ஒன்றிரண்டு எழுத்து போனாலும் தழும்பு நிற்கும், தெரிந்தவர்களுக்குத் தெரியும் என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் அவன் காலைத் தளர்த்தினான். கீறும்போது சத்தம் போடவில்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. நெறி சுண்டைக்காயாகச் சுருங்கியது. வீரய்யா ஆரோக்கியம்மாளைத் தனியாகப் பார்த்தபோதெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டு, வெளியே சொல்லிவிடாதீங்க, அவளுக்கும் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அவளுக்கு எழுத்துத் தெரியாதுதான், ஆனாலும் பச்சையைப் பார்த்தால் யாரிடமாவது படிக்கச் சொல்லிக் கேட்பாள் என்றான். நான் எதற்குச் சொல்கிறேன் என்று ஆரோக்கியம்மாள் சிரித்துக்கொண்டே கட்டை மாற்றிவிட்டுப் போவாள்.

செவந்தி தினமும் விடியக் கல்லுடைத்துவிட்டு மத்தியானம் கஞ்சியோடு வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள். புண் எங்கே இருந்தது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அதுதான் வீரய்யாவுக்கு உறுத்தியது. நாகராசு வந்து பத்துத் தரம் கேட்டான்.

"காலுலதாண்டா" என்று அவனுக்குச் செவந்தியே பதில் சொன்னாள். "நீ தோண்டாத எடமாப் பாத்து இருந்திருக்கு."

ஏழாம் நாள் போகலாம் என்றார்கள். செவந்தி வெளியே வேப்பமரத்தடியில் மூட்டையோடு காத்திருந்தாள். கம்பவுண்டர் மருந்துச் சீட்டைப் பார்த்து, "வீரய்யா, வயது நாப்பது" என்று கூப்பிட்டார். வீரய்யா எழுந்து போய் மாத்திரையை வாங்கிக்கொண்டான். வாங்கிக்கொண்டு இரண்டு எட்டு வைத்தவன் நின்றுவிட்டான்.

அவன் பேரை யார் கொடுத்தது? வந்தபோது அவனுக்கு நினைவில்லை. டிரைவருக்குத் தெரியாது. நாகராசு வந்ததே மறுநாள். கூட இருந்தவள் செவந்தி மட்டும். அவளோ பதினைந்து வருஷமாக 'இந்தாங்க' என்பதைத் தாண்டினதில்லை. புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சாமி பேரில்கூட அந்த எழுத்து வந்தால் விட்டுவிட்டுச் சொல்கிறவள். ஓட்டுப் போடுகிற இடத்தில் ஆபீசர் கேட்டதற்கு, பேர் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டவள். அவள் வாயைத் திறந்து சொன்னாள் என்றால் அன்றைக்கு எவ்வளவு பயந்திருக்க வேண்டும். பேரை அவள் எந்தக் குரலில் சொல்லியிருப்பாள் என்று கேட்கவேண்டும் போலிருந்தது.

திரும்பி வந்தான். ஆரோக்கியம்மாள் ஊசியைக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நர்சம்மா, ஒண்ணு கேக்கணும். சீட்டுல எம் பேரு இருக்கே. அவ சொன்னாளா?"

"அது எங்க சொல்லுச்சு?" என்றாள் ஆரோக்கியம்மாள். "தேர் முடிஞ்ச மறுவாரம் அதுக்கும் இதே எடத்துல சீழ் எடுத்தேன், அன்னைக்கே ஒங்க பேரைப் படிச்சுட்டேன்."